அடர்சிவப்புப் பளிங்கு: குளியலறையில் எங்கே, எவ்வளவு?

வீட்டுக் கடன் பிரிவில் பணியாற்றும் எங்களைப் போன்றோருக்குக் கட்டடப் பொருள்கள் பெரும்பாலும் மதிப்பீட்டுத் தாள்களின் வழியாகவே அறிமுகமாகின்றன. சிமெண்டு இத்தனை மூட்டை, கம்பி இத்தனை டன், மணல் இத்தனை யூனிட் என்று வரிசையாக வரும் அத்தாள்களில், சில ஆண்டுகளுக்கு முன் ஜெய்ப்பூர்க் கிளையில் நான் பணியாற்றியபோது, ஒரு வரி என் கவனத்தை ஈர்த்தது. “அடர்சிவப்பு இத்தாலியப் பளிங்கு, குளியலறைத் தரையும் நான்கு சுவர்களும், 248 சதுர அடி” என்பதே அந்த வரி.

விண்ணப்பித்தவர் ஓய்வுபெற்ற மத்திய அரசு அலுவலர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வட இந்தியாவில் பணியாற்றி, ஜெய்ப்பூரிலேயே வீடு கட்டிக் குடியேறிவிட்ட தமிழர். வீட்டுக் கடனில் பெரும்பகுதியை அடைத்துவிட்டு, அதே வீட்டின் பேரில் புதுப்பிப்புக்காகக் கூடுதல் கடன் கேட்டிருந்தார். வழக்கம்போல் வீட்டைப் பார்வையிடச் சென்றேன். எட்டடிக்கு ஆறடி அளவுள்ள குளியலறை. தாம் ஒருமுறை தங்கிய நட்சத்திர விடுதியின் குளியலறைப் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். காய்ந்த மாதுளைத் தோலின் நிறத்தில், வெண்ணிறக் கீற்றுகள் ஓடும் சுவர்கள். பித்தளை நிறக் குழாய்கள். முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும் தரை. “வாழ்நாள் முழுவதும் அரசுக் குடியிருப்பிலேயே கழிந்துவிட்டது, சார். ஒரு குளியலறையாவது மனம்போல் அமையட்டுமே” என்றார்.

அவருடைய தாயார், எண்பத்திரண்டு வயதானவர், கூடத்துச் சுவரைப் பிடித்தபடி மெல்ல வந்து அமர்ந்தார். மகன் நீட்டிய படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், “கல்லு அழகாத்தான் இருக்கு தம்பி. அது மேல நான் எப்படி நடக்கிறது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குக் கடன் விதிகளில் விடை இல்லை. ஆயினும், அதற்கான விடையைத் தேடும்போதுதான் அடர்சிவப்புப் பளிங்கு எத்தகைய கல், அதைக் குளியலறையில் எங்கே பொருத்தலாம், எங்கே பொருத்தக் கூடாது என்பன எனக்குத் தெளிவாயின. வீட்டைப் புதுப்பிக்க எண்ணும் வாடிக்கையாளர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் அவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சிவப்பின் பிறப்பிடம்

பளிங்கின் அடிப்படைப் பொருள் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறுதல் அடைந்து உருவாவதே உண்மையான பளிங்கு. தூய நிலையில் அது வெண்மையாக இருக்கும். தாஜ்மகாலுக்குச் சென்ற மக்ரானா பளிங்கு அத்தகையது. கல்லில் இரும்பு ஆக்சைடு கலந்திருந்தால் சிவப்பு நிறம் தோன்றுகிறது. துருவுக்குச் செந்நிறம் தருவதும் இரும்பே.

வணிகத்தில் பளிங்கு என்ற சொல் இன்னும் விரிந்த பொருளில் வழங்குகிறது. மெருகேற்றினால் பளபளக்கும் சுண்ணாம்புக் கல்லும் கடைகளில் பளிங்கே. உலகப் புகழ்பெற்ற சிவப்புப் பளிங்குகளுள் பல, நிலவியலாளரின் பார்வையில் சுண்ணாம்புக் கற்கள்தாம். இத்தாலியின் வெரோனா நகரத்துச் சிவப்புக் கல்லில், பழங்காலக் கடலில் வாழ்ந்த நத்தை போன்ற உயிரினங்களின் சுருள் வடிவங்களைக் காணலாம். இத்தாலியின் லிகூரியா கடற்கரையில் கிடைக்கும் ரோஸ்ஸோ லெவாந்தோ, கருஞ்சிவப்பும் ஊதாவும் பச்சையும் கலந்து, வெண்ணிற நரம்புகளால் பிணைக்கப்பட்ட கல். துருக்கியின் எலாசிக் பகுதியிலிருந்து வருவது செர்ரிப் பழ நிறம் கொண்டது. ஸ்பெயினின் அலிகாந்தே மாகாணத்துக் கல் சற்று இளஞ்சிவப்பு; செங்கல் நிறத்தை ஒட்டியது.

இந்தியாவில் செந்நிறக் கல்லுக்குக் குறைவில்லை. ஆயினும் ஆக்ரா கோட்டையும் பதேபூர் சிக்ரியும் செம்மணற்கல்லால் ஆனவை. ராஜஸ்தானின் லாக்கா ரெட், கர்நாடகத்தின் இல்கல் சிவப்பு ஆகியவை கிரானைட் வகையைச் சேர்ந்தவை. விற்பனையாளர் ‘சிவப்பு மார்பிள்’ என்று சொல்லும் கல், இந்த மூன்று இனங்களுள் எதுவாகவும் இருக்கக்கூடும். விலையும் குணமும் பராமரிப்பும் மூன்றுக்கும் வெவ்வேறு. ஆகவே, கல்லின் பெயரையும் இனத்தையும் முதலில் உறுதி செய்துகொள்வது அவசியம்.

எலுமிச்சைத் துளி சொன்ன செய்தி

ஜெய்ப்பூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், அஜ்மீர் மாவட்டத்தில் அமைந்துள்ள கிஷன்கர், நாட்டின் மிகப் பெரிய பளிங்குச் சந்தை. அங்கே எங்கள் வங்கியில் நடைமுறை மூலதனக் கடன் பெற்ற வணிகர்களின் கிடங்குகளுக்குச் சரக்கு ஆய்வுக்காகச் செல்வதும் அப்போது என் பணிகளுள் ஒன்று. வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்ட பாளங்களை எண்ணிக் குறித்துக்கொள்வேன். கல்லின் குணம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. வணிகவியல் பட்டதாரிக்கு அவை இருப்புப் பட்டியலில் உள்ள உருப்படிகள், அவ்வளவே.

மேற்குறித்த விண்ணப்பம் கையில் இருந்த வாரத்தில், கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவரிடம், “குளியலறைத் தரைக்குச் சிவப்பு மார்பிள் எப்படி?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. உடைந்து கிடந்த ஒரு சிவப்புத் துண்டை எடுத்து வந்து, தாம் அருந்திக்கொண்டிருந்த எலுமிச்சைச் சாற்றில் இரண்டு துளிகளை அதன் மெருகேறிய முகத்தில் விட்டார். சில நிமிடங்கள் கழித்துத் துடைத்தார். துளி இருந்த இடத்தில், பளபளப்பு இழந்து, நாணய அளவில் ஒரு மங்கலான வட்டம் தெரிந்தது. ஈரத் துணியால் மீண்டும் மீண்டும் துடைத்தும் அது மறையவில்லை.

அது கறை அன்று, அரிப்பு. அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரைத்துவிடுகிறது. மெருகு என்பது கல்லின் மேற்பரப்பே ஆகையால், மேற்பரப்பு கரைந்தால் மெருகும் போய்விடுகிறது. வெள்ளைப் பளிங்கிலும் இவ்வரிப்பு ஏற்படும். ஆனால் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. அடர்சிவப்பில் ஒவ்வொரு துளியும் தெரியும். நம் நாட்டில் கழிப்பறை கழுவப் பயன்படும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு. பணிப்பெண் வழக்கம்போல் அதைத் தரையில் ஊற்றித் தேய்த்தால், ஒரே காலைப் பொழுதில் பல்லாயிரம் ரூபாய்ப் பெறுமானமுள்ள தரை பழையதாகிவிடும். அவர்மீது குற்றம் சொல்லவும் இயலாது. அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது எதிரி கடின நீர். ராஜஸ்தானில் மட்டுமன்றி நாட்டின் பல நகரங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரே குளியலறைக்கு வருகிறது. அந்நீர் உலர்ந்ததும் வெண்ணிறப் படிவை விட்டுச் செல்கிறது. அடர்நிறக் கல்லில் அது சாம்பல் பூசியதுபோல் தோன்றும். அதைப் போக்க வினிகர், எலுமிச்சை ஆகியவற்றைப் பயன்படுத்தினால், படிவோடு மெருகும் கரையும்.

மூன்றாவது எதிரி மணல். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் பளிங்கின் எண் சுமார் 3. மணலில் உள்ள குவார்ட்ஸின் எண் 7. வாசலிலிருந்து பாதங்களோடு வரும் மணல் துகள் ஒவ்வொன்றும் பளிங்குத் தரையில் நுண்ணிய கீறலை உண்டாக்கும். கிரானைட்டின் எண் 6 முதல் 7 வரை என்பதால் அது இத்தேய்மானத்தைத் தாங்குகிறது.

அரசர்கள் அதை எங்கே வைத்தார்கள்?

இவ்வளவு குறைகள் உள்ள கல்லை உலகம் ஏன் விரும்பியது என்ற கேள்வி எழலாம். அதன் அழகுதான் காரணம். பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயி, வெர்சாய் அரண்மனையின் தரைத்தளத்தில் 1670களில் தமக்கெனக் குளியல் மாளிகை ஒன்றை அமைத்தார். அதற்காக, பெல்ஜியத்தின் ரான்ஸ் என்னும் ஊரின் செந்நிறப் பளிங்கில், ஒரே கல்லில் குடைந்த எண்கோணக் குளியல் தொட்டி ஒன்று செய்யப்பட்டது. அத்தொட்டி இன்றும் வெர்சாயின் ஆரஞ்சுத் தோட்ட மண்டபத்தில் உள்ளது. அதே மன்னருக்காகக் கட்டடக் கலைஞர் ஜூல் அர்துவான் மான்சார் 1687இல் எழுப்பிய கிராண்ட் த்ரியானோன் மாளிகையில், தென் பிரான்சின் லாங்தோக் பகுதிச் சிவப்புப் பளிங்கு, வெளிர்நிறச் சுவர்களுக்கு இடையே தூண்களாகவும் சுவர்த்தூண்களாகவும் நிற்கிறது.

கவனிக்க வேண்டியது இதுவே: மாளிகை முழுவதும் சிவப்பு அன்று. வெளிர்நிறப் பின்னணியில், பார்வை தங்க வேண்டிய இடங்களில் மட்டும் சிவப்பு. வீட்டுக் குளியலறைக்கும் இவ்விதி பொருந்தும். எட்டடிக்கு ஆறடி அறையின் தரையும் நான்கு சுவர்களும் அடர்சிவப்பானால், அறை குகைபோல் சுருங்கித் தோன்றும். ஒரு சுவர் மட்டும் சிவப்பானால், அறைக்குள் நுழைபவரின் கண் நேரே அங்கே சென்று தங்கும்.

பொருத்தமான இடங்கள்

குளியலறையை ஈரப் பகுதி, உலர் பகுதி என இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. நீர் நேரடியாக விழும் இடம் ஈரப் பகுதி. வாஷ்பேசின், கண்ணாடி, அலமாரி உள்ளவை உலர் பகுதி. அடர்சிவப்புப் பளிங்குக்கு ஏற்ற இடங்கள் பின்வருவன:

வாஷ்பேசினுக்குப் பின்புறச் சுவர்: நீர் தெறித்தாலும் ஒரு துணியால் துடைத்துவிடலாம், யாரும் மிதிப்பதில்லை, கண்ணாடியின் இருபுறமும் கல் தெரிவதால் அழகும் கூடும். அடுத்தடுத்து அறுக்கப்பட்ட இரண்டு பாளங்களை, விரித்த புத்தகத்தின் இரு பக்கங்கள்போல் பொருத்தினால் நரம்புகள் எதிரெதிராக இணைந்து ஓவியம்போல் தோன்றும்.

வாஷ்பேசின் மேடை: எட்டுச் சதுர அடிக் கல் போதும். பற்பசை, முகம் கழுவும் திரவங்கள், சவரத்திற்குப் பிந்தைய நறுமண நீர் ஆகியவற்றுக்காக ஒரு சிறிய தட்டு வைத்துக்கொண்டால் மேடை காக்கப்படும்.

சுவர் மாடம், சன்னல் விளிம்பு, கதவுச் சட்டம்: பெரிய பாளங்களில் எஞ்சிய துண்டுகளை இவற்றுக்குப் பயன்படுத்தலாம். கிஷன்கரில் இத்தகைய துண்டுகள் தனியே குறைந்த விலைக்கும் கிடைக்கின்றன.

தவிர்க்க வேண்டிய இடங்களுள் முதன்மையானது தரை. மெருகேறிய பளிங்கும் சோப்பு நீரும் சேர்ந்தால் இளைஞருக்கே கால் வழுக்கும். முதியோர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் எழுந்து நடமாடுவது எளிதன்று. தரைக்கு மெருகேற்றாத சொரசொரப்பான கிரானைட்டோ, வழுக்கலைத் தாங்கும் தன்மையுடைய டைல்ஸோ ஏற்றது. பளிங்கே வேண்டும் என்போர், பளபளப்பின்றித் தேய்த்த பரப்பைச் சிறு சிறு கற்களாக, இணைப்புகள் மிகுமாறு பதிக்கலாம். ஈரப் பகுதியில் அதுவும் வேண்டாம். கழிப்பறைத் தொட்டியைச் சுற்றியுள்ள பகுதியிலும் பளிங்கைத் தவிர்ப்பது நலம். அமிலத் திரவம் சிந்துவது அங்கேதான்.

ஒளியும் துணை நிறங்களும்

அடர்சிவப்பு, ஒளியை மிகுதியாக உறிஞ்சும். குளிர்ந்த நீல வெண்மை விளக்கின் கீழ் அது பழுப்பாகவோ ஊதாவாகவோ மாறித் தோன்றும். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள இளமஞ்சள் ஒளியில் அதன் செம்மை உயிர் பெறும். விளக்கு வாங்கும்போது, நிறங்களை உள்ளபடி காட்டும் குறியீடு 90க்கு மேல் உள்ளதா என்று பெட்டியில் பார்த்து வாங்கலாம். கல்லைத் தெரிவு செய்யும்போதும், கிடங்கின் திறந்த வெளி வெயிலில் மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு மாதிரித் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறை விளக்கின் கீழ் இரவில் பார்ப்பது நன்று.

மற்றச் சுவர்களுக்குத் தந்த நிறமோ பாலேட்டின் நிறமோ பொருந்தும். வெண்ணிறப் பீங்கான் சாதனங்கள் சிவப்போடு தெளிவாக வேறுபட்டு நிற்கும். பார்வை மங்கிய முதியோருக்கு அந்த வேறுபாடு பாதுகாப்பும் ஆகும். பித்தளை நிறக் குழாய்கள் இக்கல்லுக்கு மிக இயல்பான துணை.

வாங்கும்போது கவனிக்க

முதலாவது, கல்லின் இனம். பாளத்தின் ஓரத் துண்டில் கத்தி முனையால் கீறிப் பாருங்கள். பளிங்கு கீறல் ஏற்கும், கிரானைட் ஏற்காது. கிரானைட்டில் மணி மணியான துகள்கள் கலந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

இரண்டாவது, நிறம். மங்கலான கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. வெண்பஞ்சில் அசிட்டோன் நனைத்துக் கல்லின் பின்புறத்தில் தேய்த்தால், சாயம் இருப்பின் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். நகப்பூச்சு நீக்கும் திரவத்திலும் அசிட்டோன் உண்டு.

மூன்றாவது, பின்புற வலை. நரம்புகள் மிகுந்த சிவப்புப் பளிங்கு எளிதில் பிளவுபடும் என்பதால், விரிசல்களைப் பிசினால் நிரப்பி, பின்புறத்தில் கண்ணாடி இழை வலையை ஒட்டுவர். இது மோசடி அன்று. கல்லைக் காக்கும் முறையே. ஆனால் எந்த அளவுக்கு நிரப்பப்பட்டுள்ளது என்பதைக் கேட்டறிவது வாங்குவோரின் உரிமை.

நான்காவது, கனமும் அளவும். பாளத்தின் கனம் 16 மி.மீட்டரா 18 மி.மீட்டரா என்று நீங்களே அளந்து பாருங்கள். மூலை உடைந்த பகுதிக்கும் விலை போடப்படுகிறதா என்பதை முன்னரே பேசிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, கூடுதல் இருப்பு. ஒரே சுரங்கத்திலிருந்து வந்தாலும் ஒரு தொகுதிக் கல்லின் நிறம் அடுத்ததில் அமையாது. இறக்குமதிக் கல்லுக்கு வேறொரு நிச்சயமின்மையும் உண்டு. 2025 மே மாதத்தில் துருக்கிப் பளிங்கை இனி வாங்குவதில்லை என்று உதய்ப்பூர் வணிகர்கள் அறிவித்ததை வாசகர்கள் நாளிதழ்களில் படித்திருக்கலாம். பின்னாளில் ஒரு கல் உடைந்தால் அதே நிறம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. வெட்டுச் சேதத்துக்கும் இருப்புக்குமாகப் பதினைந்து விழுக்காடு கூடுதலாக வாங்குவது அறிவுடைமை.

பதிக்கும்போது கவனிக்க

கல் பதிக்கும் முன் நீர்க்கசிவுத் தடுப்புப் பணி முடிய வேண்டும். வடிகாலை அடைத்துத் தரையில் நீரைத் தேக்கி, 24 முதல் 48 மணி நேரம் வரை விட்டு, கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். விலையுயர்ந்த கல்லைப் பதித்தபின் கசிவு கண்டுபிடிக்கப்பட்டால், கல்லை உடைத்துத்தான் பழுதுபார்க்க வேண்டும்.

பச்சை நிறம் கலந்த சிவப்புக் கற்களில் பாம்புக்கல் என்னும் கனிமம் இருக்கும். நீர் சேர்த்துக் குழைக்கும் ஒட்டுப்பசையால் அவை வளையக்கூடும். அவற்றுக்கு எப்பாக்சிப் பசை ஏற்றது. சுவரில் உயரமாகப் பொருத்தும் பெரிய பாளங்களைப் பசையை மட்டும் நம்பி விடாமல், துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளாலும் பிணைக்க வேண்டும்.

எடையையும் மறத்தல் கூடாது. 18 மி.மீ. கனமுள்ள பளிங்கு, சதுர அடிக்கு ஏறத்தாழ நான்கரை கிலோகிராம். 248 சதுர அடி என்றால் 1,100 கிலோகிராமுக்கு மேல். மாடிக் குளியலறையாயின், பொறியாளரின் கருத்தைக் கேட்காமல் இவ்வளவு சுமையை ஏற்றலாகாது.

முதியோர் பிடித்துக்கொள்வதற்கான கைப்பிடிக் கம்பிகளைக் கல்லின்மீது மட்டும் திருகிப் பொருத்தினால் கல்லே பெயர்ந்துவிடும். கம்பி அமையும் இடத்தை முன்னரே குறித்து, அதன் திருகாணி கல்லைக் கடந்து செங்கற்சுவரில் ஆழமாக ஊன்றுமாறு செய்ய வேண்டும்.

பராமரிப்பு

கல்லின் நுண்துளைகளில் ஊடுருவும் காப்புப் பூச்சு ஒன்றைப் பதித்தபின் பூசுவர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். இப்பூச்சு எண்ணெயும் சாயமும் உள்ளிறங்கிக் கறையாவதைத் தடுக்கும்; அமில அரிப்பைத் தடுக்காது. பூச்சு பூசிவிட்டோம் என்ற நம்பிக்கையில் அமிலத் திரவத்தைப் பயன்படுத்துவோர் பலர்.

அன்றாடச் சுத்தத்துக்கு அமிலமோ காரமோ மிகாத, நடுநிலையான சோப்புக் கரைசலும் மென்மையான துணியும் போதும். குளித்தபின் சுவரில் தங்கிய நீரை ரப்பர்ப் பட்டையால் வழித்துவிட்டால் கடின நீர்ப் படிவு சேராது. பணியாளருக்குத் தனித் திரவத்தை வாங்கித் தந்து, அமிலப் புட்டியைக் குளியலறைக்கு வெளியே வைப்பது எளிய காப்பு.

கடனோடு சேர்த்துப் பார்த்தால்

இனி, என் துறைக்குரிய கணக்குக்கு வருகிறேன். பதிக்கும் கூலியும் மெருகேற்றும் கூலியும் நீங்கலாக, கல்லின் விலையைச் சதுர அடிக்கு ரூ. 600 என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். 248 சதுர அடிக்கு ரூ. 1,48,800. பதினைந்து விழுக்காடு கூடுதல் இருப்பையும், மெருகேற்றிய பாளங்களுக்குரிய 18 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்தால் சுமார் ரூ. 2,01,900. ஆறடி அகலமும் எட்டடி உயரமும் உள்ள ஒரு சுவருக்கும் எட்டுச் சதுர அடி மேடைக்கும் மட்டும் என்றால், 56 சதுர அடி. அதே கணக்கின்படி சுமார் ரூ. 45,600 ஆகும். வேறுபாடு ஏறத்தாழ ரூ. 1,56,300. மற்றப் பகுதிகளுக்கு வேண்டிய டைல்ஸ் செலவை இதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும் என்றாலும், பெரும்பகுதி மிச்சமே.

அந்தத் தொகையை 9 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை சுமார் ரூ. 1,980. பத்தாண்டு முடிவில் செலுத்தியிருக்கும் மொத்தத் தொகை சுமார் ரூ. 2,37,600. அதாவது, வட்டி மட்டும் ரூ. 81,000க்கு மேல்.

இச்செலவு வீட்டின் மதிப்பில் அப்படியே சேர்ந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. வங்கியின் மதிப்பீட்டாளர் மனையையும் கட்டடத்தின் பரப்பையும் வயதையும் கட்டுமானத் தரத்தையும் முதன்மையாகக் கணக்கிடுகிறார். குளியலறைக் கல்லுக்குச் செலவிட்ட ரூபாய் ஒவ்வொன்றும் அவருடைய அறிக்கையில் இடம்பெறுவதில்லை. ஆதலால் ஆடம்பரக் கல்லை முதலீடு என்று கருத வேண்டாம். மனநிறைவுக்கான செலவு என்று கருதி, அதற்கேற்ற அளவில் செய்வதே முறை.

வீட்டுப் புதுப்பிப்புக்காகத் தனிநபர்க் கடன் பெறுவதைவிட, வீட்டின் பேரிலான புதுப்பிப்புக் கடனோ கூடுதல் கடனோ பெறுவது பொதுவாக வட்டியில் சிக்கனமானது. பழைய வருமான வரி முறையில் உள்ளோர், தாம் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக்கும் புதுப்பிப்புக்கும் பெற்ற கடனின் வட்டியில் ஆண்டுக்கு ரூ. 30,000 வரை கழிவு கோரலாம். இது வீட்டுக் கடன் வட்டிக்குரிய ரூ. 2 லட்சம் உச்சவரம்புக்குள் அடங்கும். புதிய வரி முறையில் இக்கழிவு இல்லை. கல்லின் பெயர், சதுர அடி, ஜிஎஸ்டி ஆகியவை தெளிவாகக் குறிக்கப்பட்ட ரசீதைப் பெற்றுப் பாதுகாப்பது கடனுக்கும் வரிக்கும் உதவும். கையில் பணம் சேரும்போது கடனை முன்கூட்டியே அடைக்கவும் செய்யலாம். தனிநபர்கள் பெற்ற மாறும் வட்டி வீட்டுக் கடன்களுக்கு, முன்னதாக முடித்தமைக்கான கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே ஆணையிட்டுள்ளது.

அந்த வீட்டில் நடந்தது

கிஷன்கரில் அரிக்கப்பட்ட அந்தச் சிவப்புத் துண்டைக் கேட்டு வாங்கிவந்து, விண்ணப்பித்தவரின் மேசையில் வைத்தேன். மங்கிய வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். கடன் தொகை குறைந்தால் கிளையின் இலக்கும் அந்த அளவுக்குக் குறையும் என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆயினும், அந்த அம்மையார் என்னிடம் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் கோப்பில் கையெழுத்திட மனம் ஒப்பவில்லை.

ஒரு வாரத்தில் அவர் புதிய மதிப்பீட்டுத் தாளோடு வந்தார். வாஷ்பேசின் சுவரும் மேடையும் மட்டும் அடர்சிவப்பு. மற்றச் சுவர்களுக்குத் தந்த நிற டைல்ஸ். தரைக்குச் சொரசொரப்பான சாம்பல் கிரானைட். கழிப்பறைத் தொட்டிக்கு அருகிலும் குளிக்கும் இடத்திலும் செங்கற்சுவரில் ஊன்றிய இரண்டு கைப்பிடிக் கம்பிகள். குளிக்கும்போது அமர்வதற்கு ஒரு மேடை. கேட்ட கடன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது.

பணி முடிந்தபின் ஆய்வுக்காகச் சென்றேன். இளமஞ்சள் விளக்கின் கீழ் அந்த ஒற்றைச் சுவர், விடுதியின் படத்தில் கண்டதைவிட அழகாகவே இருந்தது. அம்மையார் கூடத்திலிருந்து எழுந்து வந்து, யாருடைய துணையுமின்றி உள்ளே நடந்து, கம்பியைப் பிடித்து நின்று காட்டினார். “இப்ப சரி தம்பி” என்றார்.

குளியலறையைப் புதுப்பிக்க எண்ணும் வாடிக்கையாளர்கள், கல்லைத் தெரிவு செய்யும் முன்பே அருகிலுள்ள கிளைக்கு ஒருமுறை வாருங்கள். மதிப்பீட்டுத் தாளையும் வீட்டின் வரைபடத்தையும் உடன் கொண்டுவருவது நன்று. வீட்டில் யார் யார் அந்த அறையைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதோடு, எவ்வளவு கடன் போதும் என்பதையும் சேர்ந்து கணக்கிடலாம்.